இணைப்பு அறுந்தது, கோப்பு எங்கும் போகவில்லை

ரங்கூனிலிருந்து சென்னைக்கு உளுந்து கிளம்பினால் அதோடு ஒரு கட்டு காகிதமும் கிளம்பும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங், சரக்கில் பூச்சியோ பயிர்நோயோ இல்லை என்று காட்டும் பைட்டோ சான்றிதழ், புகைமூட்டம் போட்டதற்கான ஃபியூமிகேஷன் சான்றிதழ், எந்த நாட்டுச் சரக்கு என்று காட்டும் ஆரிஜின் சான்றிதழ் என்று நீளும் அந்தக் கட்டு. இங்கே மட்பே என்று சொல்லும் உளுந்தும், பெடிசெய்ன் என்னும் பச்சைப்பயறும் வாங்கி ஏற்றுகிற ஒரு சிறிய அலுவலகத்தில் இந்தக் காகிதங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, இணையத்தில் கோப்பு வைக்கும் இடமான ஒன்டிரைவில் பகிர்ந்த ஃபோல்டரில் போட்டுவிடுவோம். அதற்கு ஒரு எக்செல் பதிவேடு உண்டு. ஒரு சரக்குக்கு ஒரு வரி, ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு கட்டம், கட்டத்தைத் தட்டினால் அந்தக் காகிதம் திறக்க வேண்டும்.

இந்தப் பதிவேட்டை நம்பித்தான் சென்னைப் பக்கம் வேலை நடக்கிறது. இந்தியச் சுங்கத்துக்கு இப்போது காகிதங்களை இ-சஞ்சித் என்ற அவர்களுடைய இணைய வசதி வழியாக பிடிஎஃப்பாக ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஒரு குறிப்பு எண் வரும், அதை பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தோடு சேர்க்க வேண்டும். ஒரு காகிதம் கிடைக்காமல் போனால் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், நிற்கிற ஒவ்வொரு நாளும் காசு. ஆகவே ஒரு இணைப்பு திறக்கவில்லை என்றால் அது கணினி விஷயம் மட்டும் இல்லை.

ஒருநாள் காலையில் சென்னை அலுவலகத்துத் தம்பி வைபரில் கூப்பிட்டார். "அண்ணே, ஷீட்ல ஒண்ணுமே திறக்கல. எதைத் தட்டினாலும் கோப்பைத் திறக்க முடியலன்னு வருது. எல்லாத்தையும் மறுபடி ஏத்தி விடுறீங்களா?" என்றார். நான் முதலில் சொன்னது, "வேண்டாம் தம்பி, எதையும் ஏத்தாதீங்க, எதையும் நகர்த்தாதீங்க, ஷீட்டை சேவ் பண்ணாம மூடுங்க" என்பதுதான். இந்த விஷயத்தில் நான் அழுத்தமாகச் சொல்ல நினைப்பதும் இதையே. இணைப்பு அறுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை கோப்பு இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கும். மாறியது முகவரிதான். பதற்றத்தில் மறுபடி ஏற்றினால் ஒரே காகிதத்துக்கு இரண்டு மூன்று நகல் உண்டாகிவிடும். அப்புறம் எது கடைசி, எது பழையது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

பழுது பார்க்கும் முன் முகவரியைப் படிக்க வேண்டும். கட்டத்தின் மேல் மவுஸை வைத்தால் இணைப்பின் முழு முகவரி தெரியும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை, நேராகத் தட்டுகிறார்கள். முகவரியைப் பார்த்தாலே நோய் பாதி புரிந்துவிடும்.

முகவரி இரண்டு வகை. ஒன்று வழி சொல்வது: "மூன்றாவது தெருவில் திரும்பு, டீக்கடைக்கு எதிர்வீடு" என்கிற மாதிரி, இந்த டிரைவில் இந்த ஃபோல்டருக்குள் இந்தப் பெயருள்ள கோப்பு என்று சொல்லும். டீக்கடையை இடம் மாற்றினால் வழி தப்பிவிடும். இன்னொன்று ஆளின் அடையாள எண் மாதிரி. கூகுள் டிரைவில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நீளமான அடையாளம் உண்டு. கோப்பின் பெயரை மாற்றினாலும், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் அந்த அடையாளம் மாறாது, இணைப்பும் அறுகாது. ஆனால் கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக ஏற்றினால் புது அடையாளம் பிறந்துவிடும், பழைய இணைப்பு செத்துவிடும். வழி சொல்லும் இணைப்பில் நிலைமை நேர் எதிர். அதே இடத்தில் அதே பெயரில் புதிய கோப்பை வைத்தால் அது திறக்கும், பெயரில் ஒரு எழுத்தை மாற்றினால் திறக்காது. ஆகவே "பெயர் மாற்றலாமா, மறுபடி ஏற்றலாமா" என்று யாராவது கேட்டால், உங்கள் இணைப்பு எந்த வகை என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

எங்கள் பதிவேட்டில் அன்று மவுஸை வைத்துப் பார்த்தபோது, எல்லா முகவரியின் நடுவிலும் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், எக்செல் என்று ஒரு வரிசை ஃபோல்டர்கள் இருந்தன. விண்டோஸ் தன் நிரல்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கும் இடம் அது, காகிதங்களை அங்கே யாரும் வைத்ததே இல்லை. இதைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் மின்சாரம் போயிருந்தது.

ரங்கூனில் மின்வெட்டு புதிது இல்லை. இன்வெர்ட்டர் சில சமயம் தாங்கும், சில சமயம் தாங்காது. கணினி பட்டென்று அணைந்தால், மறுபடி திறக்கும்போது எக்செல் தானாகக் காப்பாற்றி வைத்த நகலை நீட்டும். அந்த நகல் இருப்பது ஆப்டேட்டாவுக்குள்தான். எக்செல்லில் பல இணைப்புகள் பதிவேடு இருக்கும் இடத்தை அடியாக வைத்தே எழுதப்படும்: "என் பக்கத்தில் இருக்கும் 2023 ஃபோல்டருக்குள் பார்" என்பது போல. பதிவேடு ஆப்டேட்டாவிலிருந்து திறந்தால், "என் பக்கத்தில்" என்பது ஆப்டேட்டாவின் பக்கம் ஆகிவிடும். அந்த நிலையில் பகிர்ந்த ஃபோல்டருக்குள் சேவ் செய்தால், எக்செல் இணைப்புகளைப் புது இடத்துக்குத் தக்கபடி மாற்றி எழுதிவிடும். மின்னஞ்சலில் அட்டாச்மென்ட்டாக வந்த எக்செல் கோப்பை மின்னஞ்சலிலிருந்தே திறந்து, அப்படியே சேவ் செய்தாலும் இதே கதைதான், தற்காலிக ஃபோல்டரின் பெயர் மட்டும் வேறாக இருக்கும்.

சரி, ஆயிரக்கணக்கான கட்டங்களை எப்படிச் சரி செய்வது? எக்செல்லின் தேடி மாற்றும் வசதி கட்டத்தில் தெரியும் எழுத்தையும் சூத்திரத்தையும்தான் தொடும், கட்டத்தின் பின்னால் ஒளிந்திருக்கும் இணைப்பு முகவரியைத் தொடாது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எக்செல்லுக்குள் இருக்கும் விபிஏ என்ற நிரல் மொழியில் சில வரி மேக்ரோ: தாளில் உள்ள ஒவ்வொரு ஹைப்பர்லிங்க்காக எடுத்து, அதன் முகவரியில் தவறான துண்டை நீக்கி சரியான துண்டை வைக்கச் சொல்வது. இதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும், சாய்கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். முகவரியிலிருந்தே துண்டை எடுத்து ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள்.

மேக்ரோவைக் கண்டால் பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு வழி. எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகல் எடுத்து, அதன் பெயரின் கடைசியில் உள்ள xlsx என்பதை zip என்று மாற்றித் திறந்தால், வொர்க்ஷீட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ரெல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் அதில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. அந்தத் தாளின் வெளி இணைப்புகள் எல்லாம் அதில் வரிசையாக எழுதியிருக்கும். நோட்பேடில் திறந்து தேடி மாற்றி, மறுபடி பொட்டலத்துக்குள் வைத்து, பெயரைப் பழையபடி மாற்றினால் முடிந்தது. நான் இந்த வழியைத்தான் விரும்புகிறேன். எது எங்கே எழுதியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், மாற்றியதைப் பழையதோடு ஒப்பிடலாம். நகலில் மட்டும் செய்யுங்கள், அசலைத் தொடாதீர்கள்.

மறுபடி நடக்காமல் இருக்க, எக்செல் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், வெப் ஆப்ஷன்ஸில் ஃபைல்ஸ் என்ற பக்கத்தில், சேவ் செய்யும்போது இணைப்புகளைப் புதுப்பிக்கும் குறியை எடுத்துவிட்டோம். பதிவேட்டைத் திறக்கும் எல்லாக் கணினியிலும் இதைப் பார்த்துவிடுவது நல்லது. மின்சாரம் போய் வந்த பிறகு காப்பாற்றிய நகலை நீட்டினால், அதை அசலின் மேல் சேவ் செய்யாமல், அதில் உள்ள புது வரிகளை மட்டும் அசலுக்கு எடுத்துக்கொள்கிறோம். வேலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இணைப்புகள் தப்பிக்கின்றன.

அப்படிப் பெரும்பாலான இணைப்புகள் உயிர் பெற்றன. மிச்சம் இருந்தவைதான் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தன. கோப்பு இருக்கிறது, ஃபோல்டர் சரி, பெயரும் கண்ணுக்கு எழுத்து பிசகாமல் அதேதான். இருந்தாலும் திறக்கவில்லை.

எங்கள் ஃபோல்டரில் பெயர்கள் மூன்று மொழியில் இருந்தன. கணக்கு பார்க்கும் பர்மிய அக்காவை நாங்கள் மமா என்றுதான் கூப்பிடுவோம், அவர் கிடங்கு ரசீதுகளுக்குப் பர்மிய மொழியில் பெயர் வைப்பார். முதலாளி வீட்டுப் பெரியவர் கொள்முதல், போக்குவரத்து என்று ஃபோல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தார். மற்றது எல்லாம் ஆங்கிலம். பர்மிய எழுத்துக்கு நெடுங்காலம் இங்கே ஜாஜி என்ற எழுத்துருதான் புழக்கத்தில் இருந்தது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி முதல் நாடே, எழுத்துகளுக்கு உலகம் முழுதும் ஒரே எண் தரும் யூனிகோடுக்கு மாறுவது என்று அரசு அறிவித்தது. இரண்டும் ஒரே எண் வரிசையைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் எழுத்தை அடுக்கும் முறை வேறு. நம் ஒற்றைக்கொம்பு போல மெய்க்கு இடப்பக்கம் நிற்கும் ஒரு உயிர்க்குறி பர்மியத்தில் உண்டு. ஜாஜியில் அதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் முதலில் வைப்பார்கள், யூனிகோடில் மெய்க்குப் பிறகு வைப்பார்கள். பழைய கோப்பின் பெயர் ஜாஜியில், பிற்பாடு பதிவேட்டில் தட்டிய இணைப்பு யூனிகோடில். மமாவின் கணினியில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தன. எக்செல்லுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

இது பர்மிய மொழியின் சங்கடம், நமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். "கொ" என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி என்று ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் இல்லை. விண்டோஸில் நாம் தட்டினால் பெரும்பாலும் ஒரே குறியாக விழும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை, பெயரில் உள்ள இந்தக் குறிகளைப் பிரித்துத்தான் வைக்கும். முதலாளியின் மகன் மேக் வைத்திருந்தார். அவர் கணினி வழியாகப் போய் வந்த "கொள்முதல்" ஃபோல்டரும், விண்டோஸில் பிறந்த "கொள்முதல்" ஃபோல்டரும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒன்டிரைவில் நின்றன. இரண்டு ஃபோல்டருக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று பெரியவருக்கு விளங்கவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு பெயரையும் எக்செல்லில் இரண்டு கட்டத்தில் ஒட்டி, லென் என்ற சூத்திரத்தால் நீளத்தை எண்ணுங்கள். ஒன்று 9, மற்றது 10 என்று வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடைசியில் ஒளிந்திருக்கும் ஒரு இடைவெளியும் இதே முறையில் சிக்கும். நீளம் ஒன்றாகவே வந்தால் எக்ஸாக்ட் சூத்திரம் போட்டுப் பாருங்கள். ஜாஜிக்கும் யூனிகோடுக்கும் நடுவில் சில சமயம் எண்ணிக்கை ஒன்றாகவும் வரிசை வேறாகவும் இருக்கும்.

தமிழிலும் பர்மியத்திலும் பெயர் வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இணைய முகவரியாகும்போது நம் எழுத்தின் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியும் எண்ணும் கலந்த 9 எழுத்துகளாக விரியும். எக்செல்லின் ஹைப்பர்லிங்க் சூத்திரம் 255 எழுத்துக்கு மேல் முகவரியை ஏற்காது. கணக்குப் போட்டால் 28 குறிகளுக்கு மேல் தாங்காது, அதற்குள் ஃபோல்டர் பெயரும் அடங்க வேண்டும். விண்டோஸில் பழைய பாதை வரம்பு 260, ஒன்டிரைவில் முழுப் பாதைக்கு 400.

எனக்குத் தமிழ்ப் பெயர்களை எடுக்க மனமே இல்லை. ரங்கூனில் ஒரு அலுவலகக் கணினியில் தமிழில் ஃபோல்டர் பெயர் தெரிவது சின்ன விஷயமில்லை, பெரியவருக்கு அது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஆகவே பெயரை இரண்டாகப் பிரித்தோம். கோப்புக்கும் ஃபோல்டருக்கும் எண்ணும் ஆங்கில எழுத்தும் மட்டும் உள்ள சுருக்கமான பெயர்: ஆண்டு, சரக்கு எண், காகிதத்தின் வகைக்கு இரண்டு எழுத்து. இடைவெளி கிடையாது. பதிவேட்டில் கட்டத்தின் மேல் தெரியும் பெயர் தமிழிலும் பர்மியத்திலும். கண்ணுக்கு மொழி, கணினிக்கு எண். பெரியவரும் ஒத்துக்கொண்டார். "தெரியறது தமிழ்ல இருந்தா சரி தம்பி" என்றார்.

பெயரில் கூடாத குறிகளையும் சொல்லிவிடுகிறேன். இன்வாய்ஸ் எண்ணுக்கு முன் # போடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இணைப்பு முகவரியில் அந்தக் குறிக்கு வேறு அர்த்தம்: கோப்பின் பெயர் இதோடு முடிந்தது, இனி கோப்புக்குள் போக வேண்டிய இடம் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். ஆகவே பெயரில் # இருந்தால் இணைப்பு பாதியில் வெட்டுப்படும். சதவீதக் குறியும் அப்படித்தான் தொல்லை தரும். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு இவற்றை ஒன்டிரைவே அனுமதிக்காது.

இணைப்பு அறுவதைவிட எனக்குப் பயம் தருவது வேறு. இணைப்பு நன்றாகத் திறக்கும், ஆனால் தவறான காகிதத்தைத் திறக்கும். பில் ஆஃப் லேடிங்குக்கு முதலில் வரைவு வரும். மூட்டை எண்ணிக்கை, எடை, சீல் எண் எல்லாம் சரிபார்த்துத் திருத்தம் சொன்ன பிறகுதான் இறுதி வடிவம் வரும். இணைப்பு வரைவிலேயே நின்றுவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. காகிதம் திறக்கிறது, கப்பல் பெயர் சரி, தேதி சரி. ஒரு சீல் எண்ணில் உள்ள பிழை சுங்கத்தில்தான் தெரிய வரும். அறுந்த இணைப்பு குறைந்தபட்சம் கத்திச் சொல்கிறது, இது சத்தமே போடாது. அதனால் வரைவுக்கும் இறுதிக்கும் தனித்தனிக் கட்டம் வைத்தோம். வரைவுக் கட்டம் சாம்பல் நிறம், இறுதிக் கட்டம் நிரம்பாமல் சென்னைக்குத் தகவல் போகக் கூடாது. கூகுள் டிரைவில் வேலை செய்கிறவர்கள் திருத்திய கோப்பைப் புதிதாக ஏற்றாமல், மேனேஜ் வெர்ஷன்ஸ் என்ற இடத்தில் புதிய பதிப்பாக ஏற்றினால் இணைப்பும் அதேதான், பழைய பதிப்பும் கொஞ்ச நாள் கைவசம் இருக்கும்.

பழுது பார்த்த பிறகு சோதிப்பதற்கு ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டாம். எக்செல்லில் டேட்டா பகுதியில் ஃபோல்டரிலிருந்து எடு என்ற வசதி உண்டு. பகிர்ந்த ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே உள்ள எல்லாக் கோப்பின் பெயரையும் பாதையையும் பட்டியலாகக் கொட்டும், தமிழும் பர்மியமும் உடையாமல் வரும். அதைப் பதிவேட்டின் முகவரிகளோடு ஒப்பிட்டால் இரண்டு விஷயம் தெரியும்: எந்த இணைப்புக்குக் கோப்பு இல்லை, எந்தக் கோப்புக்கு இணைப்பு இல்லை. இரண்டாவதை யாரும் தேடுவதில்லை. எங்களுக்கு அதில்தான் பதிவேட்டில் ஏறாமலே கிடந்த ஃபியூமிகேஷன் சான்றிதழ்கள் கிடைத்தன.

இன்னொன்று, கோப்பு யாருடையது என்ற கேள்வி. நீங்கள் பகிர்ந்த ஃபோல்டரில் இருப்பதாலேயே அது உங்கள் கோப்பு ஆகிவிடாது. சாதாரண கூகுள் கணக்கில் ஏற்றியவர்தான் சொந்தக்காரர். அவர் அழித்தால் எல்லோருக்கும் போய்விடும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் அவரே மீட்டால்தான் உண்டு. 2 ஆண்டு தொடாமல் விட்ட கணக்கையே கூகுள் நீக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பர் முதல் இருக்கிறது. இங்கிருந்து சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று வேலைக்குப் போகிற பிள்ளைகள் அதிகம். போகிறவரின் கணக்கில் அலுவலகக் காகிதம் தங்கிவிடக் கூடாது. வேலை விட்டுப் போவதற்கு முன் கோப்புகளை அலுவலகக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்கிறோம். கோயில் கணக்கு, தமிழ்ப் பள்ளிப் பாடங்கள் என்று பொதுக் காரியங்களுக்குக் கோப்பு வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு தொண்டரின் சொந்தக் கணக்கில் எல்லாமும் இருப்பதை நான் பல இடத்தில் பார்க்கிறேன்.

இப்போது எங்கள் பதிவேட்டில் கையால் செருகிய இணைப்பே இல்லை. முதல் தாளில் ஒரு கட்டத்தில் அடி முகவரி மட்டும் இருக்கிறது. அது இணைய முகவரி. சி டிரைவில் தொடங்கும் பாதை ஒவ்வொருவர் கணினியிலும் அவரவர் பெயரோடு வேறாக இருக்கும், ஆகவே அடுத்தவருக்கு உதவாது. மற்றக் கட்டங்களில் ஹைப்பர்லிங்க் சூத்திரம் அந்த அடி முகவரியோடு கோப்பின் சுருக்கப் பெயரை ஒட்டிக்கொள்ளும். ஃபோல்டர் முழுவதையும் வேறு இடத்துக்கு மாற்றினால் ஒரே கட்டத்தைத் திருத்தினால் போதும். சூத்திரம் என்பதால் தேடி மாற்றும் வசதியும் வேலை செய்யும், மின்வெட்டுக்குப் பிறகு ஆப்டேட்டாவிலிருந்து திறந்தாலும் முகவரி அசையாது. அடி முகவரிக் கட்டத்தை மட்டும் பூட்டி வைத்திருக்கிறோம்.

பாயின்நாவுங் மொத்தச் சந்தையில் நிற்கும்போது எங்கள் ஆட்கள் கைப்பேசியில்தான் பதிவேட்டைப் பார்ப்பார்கள். இந்த முறையில் அங்கேயும் இணைப்பு திறக்கிறது. ஆனால் பதிவேட்டையே வைபரில் கோப்பாக அனுப்பக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அனுப்பினால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பதிவேடு ஆகிவிடும், யார் எதில் எழுதினார் என்று தெரியாது. பதிவேட்டின் பகிர்வு இணைப்பை வைபர் குழுவின் மேலே பின் செய்து வைத்திருக்கிறோம். புதிதாக வருகிறவருக்கு முதல்நாள் காட்டுவது அதுதான், அடுத்து மவுஸை வைத்து முகவரி படிக்கச் சொல்லித் தருகிறோம்.